கழுவின கால் ரூபாய்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒருநாள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே ஒரு சந்தில், செருப்புக் கடைக்கும் ஜாக்கெட் துணிக் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் பிலோமினாவின் கடை. பழைய காசு வாங்குவார், விற்பார். காசு சேர்க்கிறவர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

தணிகாசலம் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சந்தில் எல்லோருக்கும் அவர் சார். பிலோமினாவுக்கும் சார். ஆனால் அவர் பிலோமினாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் சிரித்த செருப்புக் கடைக்காரரும் பிறகு பழகிக்கொண்டார்.

முதல் நாள் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே பதினேழு கால் ரூபாய்கள். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக் காசு.

"இதெல்லாம் என்ன பெறும்னு தெரியணும்."

"விக்கப் போறீங்களா சார்?"

"இல்ல."

"விக்காத காசுக்கு விலை எதுக்கு?"

தணிகாசலம் டப்பாவை மேஜையில் வைத்தார். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியவர்தான். தன்னைப் பற்றிப் பேச அவருக்கு வராது. திக்கித் திணறித்தான் சொன்னார்.

காசெல்லாம் அவர் மகள் அரசியுடையது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய பாத்திரக் கடைகளில் கெஞ்சி வாங்குவாள். பிறந்தநாளுக்குக் கொடுத்த பணத்தைக் காசாக மாற்றுவாள். வேறு எதுவும் வேண்டாம், கால் ரூபாய் மட்டும்தான். ஒருநாள் விக்டோரியா ராணி தலை போட்ட 1862 காசு ஒன்று கிடைத்தது. ஓடி வந்து அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, இது என்ன பெறும்?"

அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒரு டீ பெறாது. போய்ப் படி."

அதற்குப் பிறகு அவள் எந்தக் காசையும் அவரிடம் காட்டவில்லை. பிறகு ஒருநாள் தான் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று சொன்னாள். அவர் சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னார். இந்த வீட்டில் உனக்கு ஒன்றும் இல்லை என்பது அதில் கடைசி. அவள் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். டப்பா பரணில் கிடந்தது. எட்டு வருஷம் ஆகிவிட்டது.

"அன்னிக்கு அவ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. நீங்க விலை சொல்லி நான் எழுதிக் கொடுத்தா அது உங்க பதில். நானே பார்த்துச் சொல்லணும். கத்துக் குடுப்பீங்களா?"

பிலோமினா அவருடைய விரல்களைப் பார்த்தார்.

"நகத்தை ஒட்ட வெட்டிட்டு நாளைக்கு வாங்க சார்."

இப்படித்தான் அவர் சீடரானார்.

முதல் வாரம் காசைப் பிடிப்பதற்கு மட்டும் பாடம். காசின் முகத்தில் விரல் படக் கூடாது. விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கீழே மெத்தென்று ஒரு துணி விரித்திருக்க வேண்டும். பேசும்போது காசைத் தள்ளிப் பிடிக்க வேண்டும், எச்சில் தெறித்தால் புள்ளி விழுந்துவிடும். தணிகாசலம் சோதனைக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் அடித்தவர். இங்கே பிலோமினா அவர் மணிக்கட்டில் ஸ்கேலால் லேசாகத் தட்டுவார்.

ஒரு மாசம் போனது. பிலோமினா ஒரு மரத்தட்டை எடுத்து வைத்தார். பன்னிரண்டு கால் ரூபாய்கள் இருந்தன.

"இதுல உசத்தியானதை எடுங்க."

தணிகாசலம் யோசிக்கவே இல்லை. பளபளவென்று இருந்ததை எடுத்தார்.

"அது தேய்ச்சுக் கழுவினது சார். இந்தத் தட்டுலயே அதுதான் மட்டம்."

"சுத்தமா இருக்கே?"

"அதான் மட்டம்."

"டீச்சர், இந்தக் கறுப்பு வெறும் வெள்ளி சல்பைடு. காத்துல இருக்கிற கந்தகம் சேர்ந்தா வரும். அழுக்கு மாதிரிதான்."

"காத்துல எத்தனை வருஷம் இருந்தா வரும்?"

"அது இடத்தைப் பொறுத்து… நாப்பது, அம்பது…"

"அந்த அம்பது வருஷத்துக்குத்தான் விலை."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் என்பதற்காக மண்டையில் ஏறியது என்று அர்த்தமில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது மாசம் மறுபடி அதே தட்டு. இந்த முறை அவர் ஒவ்வொன்றையும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் எட்வர்டு ராஜா தலை போட்ட 1908 காசு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் சாம்பல், விளிம்பில் கருநீலம்.

"இது கை படாத காசு."

பிலோமினா அதை வாங்கித் தட்டில் திரும்ப வைத்தார். உதட்டோரம் மட்டும் லேசாகச் சுழித்தது. தணிகாசலம் அதை நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் பதினேழு காசுக்கும் பதினேழு காகித உறை செய்தார். ஒவ்வொன்றிலும் வருஷம், எடை, தேய்மானம், கடைசியில் விலை. எல்லாம் அவரே பார்த்து எழுதியது. பிலோமினா சரிபார்த்ததில் பதினைந்து சரி.

அவர் மனைவி சுலோசனா ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளோடு போனில் பேசுவார். அந்த நேரம் தணிகாசலம் பக்கத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். பக்கம் திரும்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுலோசனா போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு பேரனுக்குக் காதுகுத்து. ஓசூர்லயே வைக்கிறாங்க."

"ம்."

"அப்பா வந்தா வரட்டும்னு சொன்னா."

மூன்றே வார்த்தை. அதில் ஒன்று அப்பா. தணிகாசலத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் பட்டினி கிடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்து நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது. உறையிலிருந்து 1862 காசை எடுத்துத் துணியில் வைத்தார்.

நேற்று உருக்கி ஊற்றினது போல வெள்ளையாக மின்னியது.

பிலோமினா பார்த்தார். லென்ஸைத் தொடவே இல்லை. அந்த நேரம் ஒருவர் வந்து காசு செருகி வைக்கிற ஆல்பத் தாள் கேட்டார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, சில்லறை கொடுத்து, அவர் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசினார்.

"எப்ப?"

"நேத்து."

"எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

"தேய்க்கல டீச்சர். சத்தியமா தேய்க்கல. அலுமினியத் தாளை விரிச்சு, சோடா உப்புப் போட்டு, வெந்நீர் ஊத்தினேன். அதுல வெள்ளி கரையாது. கந்தகம் மட்டும்தான் பிரியும். ஒரு அணு கூடக் குறையல."

"அணு குறையல சார். நூத்தம்பது வருஷம் குறைஞ்சு போச்சு."

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நோட்டுல எழுதினீங்களே."

"எழுதினேன்."

"அப்புறம் ஏன்?"

"காதுகுத்து… நல்ல காரியத்துக்குக் கறுத்த காசைக் கொண்டு போறதான்னு தோணுச்சு. எட்டு வருஷம் கழிச்சுப் போறேன். கறுப்பா ஒண்ணை அவ கையில குடுக்க மனசு வரல. மத்ததை விட்டுட்டு இதை மட்டும்…"

"துடைச்சீங்களா?"

"வேட்டி முனையால."

பிலோமினா கண்ணை மூடித் திறந்தார். பிறகு லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"இருக்கு. ராணி கன்னத்துல கீறல்."

"டீச்சர், ஒரு வழி இருக்கு." தணிகாசலத்தின் குரல் இறங்கியது. "கந்தகப் பொடி வச்சு மூடினா அரை மணியில திரும்பக் கறுப்பாக்கிடலாம். பழைய மாதிரியே வரும். எனக்குக் கைவந்த வேலை. அவளுக்குத் தெரியாது."

"கழுவினது தப்பு சார். இது திருட்டு."

"அவ அன்னிக்கு ஓடி வந்து நீட்டின காசு அதுதான்!" தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தொரு வயசு மனுஷர் சந்தில் உட்கார்ந்து அழுதார். துணிக்கடைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பிலோமினா எழுந்து மரத்தட்டை எடுத்து வைத்தார்.

"உசத்தியானதை எடுங்க."

"இப்பவா டீச்சர்?"

"எடுங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையையும் துடைத்துக்கொண்டு, அதே எட்வர்டை எடுத்தார்.

"லென்ஸ் வச்சுப் பாருங்க. நேரா இல்ல. வெளிச்சத்துக்குச் சாய்ச்சு. கறுப்புக்கு அடியில."

அவர் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். கறுப்புக்கு அடியில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம் ஓடின.

"இது… தேய்ச்ச காசு!"

"ஆமா."

"எந்தப் பாவி இதை—"

"நான்தான் சார். பல்பொடி போட்டு."

தணிகாசலம் லென்ஸை இறக்கினார்.

"அப்ப எனக்கு இருபது வயசு. பால்பண்ணைகிட்ட எங்க அம்மா இட்லிக் கடை. லாரிக்காரங்க நிறைய வருவாங்க. ஒரு டிரைவர் சாப்பிட்டுட்டு ஒரு பொட்டலத்தை மறந்துட்டுப் போயிட்டாரு. பிரிச்சா இந்தக் காசு. கரியா இருந்துச்சு. பாவம், திரும்பி வந்தா நல்லபடியா குடுப்போம்னு பல்பொடியைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு."

"அவர் வந்தாரா?"

"நாலு நாள் கழிச்சு வந்தாரு. பெருமையா நீட்டினேன். பார்த்ததும் மூஞ்சி செத்துப் போச்சு."

"திட்டினாரா?"

"இல்ல. காசை விளிம்புல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம், 'நீயே வச்சுக்க. லோடு ஏத்திட்டு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டு, கறுத்திருக்கான்னு பார்க்கிறேன்'னாரு."

"கறுத்துச்சா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்த்தாரு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காசு கொண்டு வந்து, இதை எப்படிப் பிடிக்கணும், அதுல என்ன பார்க்கணும்னு சொல்லிட்டுப் போவாரு. ரெண்டு வருஷத்துல லேசா மஞ்சள் தட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்யாணம் ஆயிருச்சு."

பிலோமினா சிரித்தார். அவர் கணவர் சவரிமுத்து இன்றைக்கும் லாரிதான் ஓட்டுகிறார். லோடு இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தால் முதலில் அந்தத் தட்டைத்தான் எடுப்பார். சந்தில் எல்லோருக்கும் அது தெரியும், காரணம்தான் தெரியாது.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கவலை அவருக்கு.

"கீறல் போகாதா டீச்சர்?"

"போகாது. கறுப்பு வரும், கீறலும் இருக்கும்."

"அரசிகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கழுவிட்டேன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானே நடந்துச்சு."

அவர் காசை உறையில் போட்டார். உறையில் எழுதியிருந்த விலையை அடித்துவிட்டார். புது விலை எழுதக் கை வரவில்லை. வெறுமனே விட்டுவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

ஓசூர் போய் வந்து செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"காதுகுத்து நல்லா நடந்துச்சா சார்?"

"நடந்துச்சு. பேரன் ஊரைக் கூட்டிட்டான்."

"பொண்ணு?"

"வாங்கன்னு சொன்னா. பந்தியில எனக்கு அவளே வந்து பாயாசம் ஊத்தினா. பேசல."

"டப்பா?"

"எல்லாரும் போனப்புறம் குடுத்தேன். ஒவ்வொரு உறையா எடுத்துப் படிச்சா. நான் எழுதினது ஒரு வரி விடாம. 'இதெல்லாம் யார் பார்த்து எழுதினது'ன்னா. நான்தான்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தா டீச்சர். அந்தப் பார்வைக்கு நான் எட்டு வருஷம்…" அவர் நிறுத்திக்கொண்டார்.

பிலோமினா லென்ஸைத் துடைத்து ஓரமாக வைத்தார்.

"அப்புறம் அந்த உறைக்கு வந்தா. அவ எடுக்கிறதுக்கு முன்னாடியே, கழுவிட்டேம்மான்னு சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல வாய் வரல."

"காசை எப்படிப் பிடிச்சாங்க?"

"விளிம்புல." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷம் கழிச்சும் விளிம்புலதான் பிடிச்சா. சன்னல் பக்கம் போய்ச் சாய்ச்சுப் பார்த்தா. ராணி கன்னத்துக் கீறலையும் பார்த்துட்டா."

"என்ன சொன்னாங்க?"

"மத்த பதினாறையும் உள்ள கொண்டு போய் வச்சுட்டு வந்தா. இதை மட்டும் உறையில போட்டு என் சட்டைப் பையில வச்சுட்டு, 'நல்லாக் கறுத்தப்புறம் கொண்டாங்க'ன்னா."

அவர் பையிலிருந்து உறையை எடுத்து மேஜையில் போட்டார்.

"அது கறுக்க முப்பது வருஷம் ஆகும், நாப்பது ஆகும். அவளுக்குத் தெரியாததா? எனக்கு அறுபத்தொண்ணு. இனிமே வராதீங்கன்னு மரியாதையா சொல்லிட்டா டீச்சர். நியாயம்தான். அன்னிக்கு நான் வாய்விட்டுச் சொன்னதை அவ நாசூக்கா சொல்லியிருக்கா."

"பையில யார் வச்சது?"

"அவதான்."

"அவங்க கையாலயா?"

"ஆமா. வச்சுட்டுப் பையை ஒரு தட்டுத் தட்டினா. விழுந்துடக் கூடாதுன்னு."

பிலோமினா உறையைப் பிரித்தார். காசை விளிம்பில் எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், நல்லாக் கறுத்திருச்சா இல்லையான்னு உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா?"

"எட்வர்டுல கீறலையே நான் பார்க்கல. எனக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்கு?"

"அவளுக்குத் தெரியும். சன்னல்கிட்ட நின்னு ஒரே பார்வையில பிடிச்சுட்டாளே."

"அப்ப கறுத்திருக்கான்னு யார்கிட்ட காட்டிக் கேக்கணும்?"

தணிகாசலத்தின் பார்வை மெல்ல மரத்தட்டின் பக்கம் போனது. அங்கே எட்வர்டு காசு கருநீல விளிம்போடு கிடந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இந்த உறையில விலை எழுதாம விட்டிருக்கேன். இப்ப இந்தக் காசு என்ன பெறும்?"

பிலோமினா காசைத் துணியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஓசூருக்கு மாசம் ஒரு பஸ் டிக்கெட் பெறும் சார். போக, வர."